சிவக்கும்வரை நிற்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெண்புள்ளிக்கும் சொரியாசிசுக்கும் தரப்படும், தோலை ஒளிக்கு எளிதில் ஆட்படச் செய்யும் மருந்தான சொராலென் சிகிச்சை பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. அதில், மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தோல் சிவக்கும்வரை வெயில் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முற்பாதி சரி. பிற்பாதியை நம்பிக் கடைப்பிடிப்பவர் மூன்றாம் நாள் கொப்புளங்களோடு மருத்துவமனைக்கு வருவார். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

அளவுக்கு மீறி வெயிலில் நின்றால் வரும் வழக்கமான சிவப்பு அன்று மாலையே தெரிந்துவிடும். மறுநாளோடு உச்சம் தொட்டு அடங்கும். சொராலென் ஏறிய தோல் அப்படி நடந்துகொள்வதில்லை. முதல் நாள் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. இரண்டாம் நாள்தான் சிவப்பு எட்டிப்பார்க்கும். 48 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். வெயிலில் நிற்கும்போதே முகம் சிவந்தால் அது சூட்டால் வந்தது. மருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிவந்ததும் நிறுத்தலாம் என்று காத்திருப்பவர், அது வருவதற்குள் தேவையைப்போல் பல மடங்கு ஒளியை வாங்கியிருப்பார். வாரத்துக்கு இரண்டு முறை, இடையில் குறைந்தது 48 மணி நேரம் என்ற விதி வந்ததும் இதனால்தான். சீக்கிரம் குணமாகட்டும் என்று தினமும் காட்டுகிறவருக்கு, முதல் நாள் பட்ட காயம் வெளியே தெரிவதற்குள் அதன்மேல் இன்னும் இரண்டு காயம் ஏறிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாநிறத்திலும் கருநிறத்திலும் உள்ள தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருமை கூடியதுபோலவோ சாம்பல் பூத்ததுபோலவோதான் இருக்கும். அங்கே கண்ணை நம்பக் கூடாது. தொட்டால் சூடாக இருக்கிறதா, துணி உரசினால் எரிகிறதா என்றுதான் கேட்க வேண்டும். வெண்புள்ளி விழுந்த இடம் இதற்கு நேர்மாறு. ஆள் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் அந்த இடத்தில் நிறமி இல்லை. மிக வெளுத்த தோலைப் போலவே அது சுலபமாக வெந்துபோகும்.

சொராலென் தானாக எதையும் குணப்படுத்துவதில்லை. இரத்தம் வழியாகத் தோலுக்கு வந்து, உயிரணுக்களின் டி.என்.ஏ. படிகளுக்கு இடையே செருகிக்கொண்டு சும்மா இருக்கும். யூவிஏ எனப்படும் 320 முதல் 400 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிர் பட்டதும் அது டி.என்.ஏ.வின் ஓர் இழையோடு ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு ஒளித்துகளும் கிடைத்தால் எதிர் இழையையும் பிடித்துக் குறுக்குத் தையல் போட்டுவிடுகிறது. தைக்கப்பட்ட உயிரணு பெருக முடியாது. சொரியாசிசில் கட்டுக்கடங்காமல் பெருகும் மேல்தோல் அணுக்கள் வேகம் குறைவதும், அவற்றைத் தூண்டிவிடும் வெள்ளணுக்கள் தோலுக்குள்ளேயே மடிவதும் இப்படித்தான். வெண்புள்ளியில் நடப்பது வேறு: முடிக்காலில் ஒதுங்கியிருக்கும் நிறமி அணுக்கள் தூண்டப்பட்டு மேலே ஏறி வருகின்றன. முதலில் முடியைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக நிறம் திரும்புவது அதனால்தான். முடியே இல்லாத விரல் நுனி, உதடு போன்ற இடங்களில் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் ஏமாற்றிவிடும். அதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மருந்துக்கு வயது அதிகம்; அளவுக்குத்தான் வயது குறைவு. எகிப்தில் அம்மி மஜுஸ் என்ற செடியிலிருந்து 8-மெத்தாக்ஸிசொராலென் என்ற சொராலென் வகையைப் பிரித்தெடுத்தது 1947இல். அடுத்த ஆண்டே கெய்ரோவில் எல் மோஃப்டி என்ற தோல் மருத்துவர் அதை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தினார். இதே மாத்திரையை அளந்த யூவிஏ ஒளியோடு சேர்த்துச் சொரியாசிசுக்குத் தரலாம் என்ற ஆய்வு 1974இல் வந்தது. சொராலெனையும் யூவிஏவையும் சேர்த்துப் 'பூவா' என்று பெயர் நிலைத்ததும் அதற்குப் பிறகுதான்.

வாய்வழி அளவு, 8-மெத்தாக்ஸிசொராலென் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 0.6 மி.கி. 50 கிலோ எடையுள்ளவருக்கு 30 மி.கி., அதாவது 10 மி.கி. மாத்திரை மூன்று. திரவம் நிரப்பிய கேப்சூல் வேகமாக ஏறும்; அதற்கு 0.4 மி.கி. போதும், காத்திருக்கும் நேரமும் குறைவு. ஆகவே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறும்போது பழைய ஒளி அளவை அப்படியே தொடரக் கூடாது. 5-மெத்தாக்ஸிசொராலென் என்ற இன்னொரு வகை குமட்டல் குறைவாகத் தரும். அதற்குக் கிலோவுக்கு 1.2 மி.கி.

இந்த மாத்திரை ஆளுக்கு ஆள் வேறுபட்ட வேகத்தில் ஏறுகிறது. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தாமதமாகும். இரண்டு மணி நேரம் கழித்து யூவிஏ விளக்கின்முன் நிற்கும்போது தோலில் மருந்து போதாமல் இருக்கும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கொழுப்பில்லாத சிறு உணவோடு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உணவோடு போடச் சொல்வதன் காரணம் இதுதான். உணவு எது என்பதைவிட அது மாறாமல் இருப்பது முக்கியம். குமட்டல் தாங்காதவர்கள் அரை மணி இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடலாம். இன்னொன்றையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறோம்: இந்த மருந்து காஃபீன் உடலிலிருந்து வெளியேறுவதைத் தடுக்கிறது. மாத்திரை நாளில் வழக்கமான காப்பியைக் குடித்துவிட்டுப் படபடப்பு, தூக்கமின்மை என்று வருகிறவர்கள் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மறுபுறம், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு சொராலென் சீக்கிரம் கரைந்துபோய்ச் சிகிச்சையே பலிக்காமல் போகலாம்.

இனி ஒளி. இதை நிமிடத்தில் அல்ல, ஜூலில் அளக்க வேண்டும். விளக்கின் வலிமையைச் சதுர செ.மீ.க்கு எத்தனை மில்லிவாட் என்று மீட்டரில் பார்த்து, நொடிகளால் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் ஜூல் வரும். 10 மில்லிவாட் தரும் விளக்குப் பெட்டியில் 200 நொடி நின்றால் 2 ஜூல். ட்யூப் பழசாகி 7 மில்லிவாட்டுக்கு இறங்கியிருந்தால் அதே 200 நொடியில் 1.4 ஜூல்தான் கிடைக்கும். நோய் அடங்கவில்லை என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பிறகு ஒரு நாள் ட்யூபுகள் மொத்தமாக மாற்றப்படும். மீட்டர் 15 காட்டும். யாரும் பார்க்காவிட்டால் பழைய 200 நொடியிலேயே 3 ஜூல் விழும்; கூட்டிய நேரத்தில் இன்னும் அதிகம். ஒரே வாரத்தில் பல நோயாளிகளுக்கு ஒரே மாதிரி கொப்புளம் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ட்யூப் எப்போது மாற்றினீர்கள் என்பதுதான். மாதம் ஒரு முறையாவது மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் விளக்கு சூடேறி நிலைப்பட்ட பிறகு. அந்த மீட்டரும் யூவிஏவுக்கென அளவு சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. பல பெட்டிகளில் யூவிஏ ட்யூபும், இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரான 311 நானோமீட்டர் குறும்பட்டை யூவிபி ட்யூபும் ஒன்றாகவே இருக்கும். சுவிட்ச் மட்டும் வேறு. யூவிஏ ஜூலில் தரப்படுகிறது. குறும்பட்டை யூவிபி மில்லிஜூலில், அதாவது ஜூலின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில். யூவிஏவுக்கு எழுதிய 5 ஜூலைத் தவறான சுவிட்சில் கொடுத்தால் உடம்பு முழுக்கத் தீக்காயம்தான். அட்டையில் வெறும் எண்ணை எழுதாமல், எந்தக் கதிர், எந்த அலகு என்று ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதும் பழக்கம் அலுப்பூட்டும். ஆனாலும் விடக் கூடாது.

தொடக்க அளவைத் தீர்மானிக்க இரண்டு வழி. சரியான வழி, வெயில் படாத முதுகிலோ பிட்டத்திலோ சிறு சிறு சதுரங்களில் ஏறுவரிசையில் ஒளி கொடுத்து, 72 மணி நேரம் கழித்துப் பார்த்து, மங்கலாகச் சிவந்த முதல் சதுரத்தின் அளவில் 70 விழுக்காட்டில் தொடங்குவது. மற்றது தோல் வகையை வைத்துத் தொடங்குவது: எப்போதும் வெந்து ஒருபோதும் கறுக்காத முதல் வகைக்கு 0.5 ஜூல், அடுத்தடுத்த வகைக்கு அரை ஜூல் கூட்டி, மிகக் கருநிறமான ஆறாம் வகைக்கு 3 ஜூல். ஒவ்வொரு அமர்வுக்கும் கூட்டும் அளவு வெளுத்த தோலுக்கு 0.5, நடுத்தரத்துக்கு 1, கருநிறத்துக்கு 1.5 ஜூல். உச்சவரம்பு வெளுத்த தோலுக்கு 8, நடுத்தரத்துக்கு 12, கருநிறத்துக்கு 20. இந்தக் கணக்கு சொரியாசிசுக்கு. வெண்புள்ளிக்கு எந்த வகைத் தோலானாலும் 0.25 முதல் 0.5 ஜூலில்தான் தொடக்கம். லேசான சிவப்பு இருந்தால் அளவைக் கூட்டக் கூடாது. எரிச்சலோடு சிவந்திருந்தால் அன்று ஒளியே கூடாது. ஒரு வாரம் வராதவருக்கு அதே அளவு, இரண்டு வாரம் என்றால் கால் பங்கு குறைத்து, மூன்று வாரம் என்றால் பாதி. அதற்கும் மேல் போனால் முதலிலிருந்து.

பெட்டிக்குள் போகும்முன் கவனிக்க வேண்டியவை சில. சாலிசிலிக் அமிலக் களிம்பு ஒளியை மறித்துவிடும். செதில் உதிர்க்க அது தேவைதான், ஆனால் முதல் நாள் இரவு தடவிக் காலையில் கழுவிவிட வேண்டும். நோய் இல்லாவிட்டால் முகத்தை மூடலாம். ஆண்கள் பிறப்புறுப்பைக் கட்டாயம் மூட வேண்டும். நீண்ட காலம் பூவா எடுத்துக்கொண்ட ஆண்களுக்கு அங்கே புற்றுநோய் கூடியது 1990இலேயே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே உள்ளாடை, ஒரே நிலை. வேறு உடை போட்டு வந்தால், இதுவரை ஒளி படாத ஒரு பட்டை புதிதாகத் திறந்து, மற்ற இடத்துக்குப் பழகிய 8 ஜூலை முதல் முறையிலேயே வாங்கிக்கொள்ளும். இடுப்பில் கோடு போட்டதுபோல் வரும் கொப்புளத்தின் கதை பெரும்பாலும் இதுதான்.

வெளியே வந்ததோடு சிகிச்சை முடிந்தது என்று எண்ணுவது இன்னொரு பிழை. மாத்திரை உடம்பில் இருக்கும்வரை வெயிலும் சிகிச்சைதான், அளக்காத சிகிச்சை. மேகமூட்டமும் கண்ணாடியும் காப்பாற்றாது. யூவிபியைத் தடுக்கும் சன்னல் கண்ணாடி யூவிஏவை உள்ளே விட்டுவிடுகிறது. ஓட்டுநரின் சன்னல் பக்கத்துக் கை மட்டும் வெந்துபோவது இதனால்தான். அன்று முழுவதும் முழுக்கைச் சட்டை, தொப்பி, யூவிஏ தடுக்கும் சன்ஸ்கிரீன். கண்ணுக்கு, மாத்திரை போட்ட நிமிடத்திலிருந்து மறுநாள் அதே நேரம்வரை, பக்கவாட்டும் மூடிய, யூவிஏ தடுக்கும் கண்ணாடி. மாத்திரை கண்ணின் வில்லைக்கும் போகிறது. அங்கே ஒளிபட்டால் வில்லையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அது பின்னாளில் கண்புரைக்கு வழி. கறுப்புக் கண்ணாடி எல்லாம் யூவிஏ தடுக்காது. தடுக்காத கறுப்புக் கண்ணாடி வெறுங்கண்ணைவிடக் கெடுதலாகலாம்; கண்பாப்பா விரிந்து கூடுதல் கதிரை உள்ளே விடும்.

எரிச்சல் வந்தால் குளிர்ந்த ஈரத்துணி, ஸ்டீராய்டு களிம்பு, ஒளியையும் மாத்திரையையும் நிறுத்துவது. கொப்புளம் பரவலாக வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிப்பு பெரும்பாலும் வறட்சியால் வருவது. ஈரப்பதக் களிம்புக்கு அடங்கும். அடங்காத ஒரு வகை உண்டு: தோலுக்கடியில் ஊசி குத்துவதுபோன்ற வலி, அரிப்பு மாத்திரைக்கு மசியாது, பல வாரம்கூட நீடிக்கும். அது வந்தால் சிகிச்சையை நிறுத்திவைப்பதைத் தவிர வழியில்லை. நகத்தடி பிரிவதும் உண்டு. நகத்துக்குச் சாயம் பூசிக் காக்கலாம்.

இப்போது வெயிலுக்கு வருகிறோம். பெட்டி இல்லாத இடத்தில் வெயிலையே பயன்படுத்துவது தவறல்ல. ஆனால் அதற்கு ஏற்றது ட்ரையாக்ஸாலென் என்ற வேறொரு சொராலென் வகை. 8-மெத்தாக்ஸிசொராலெனைவிடத் தோலை வேகவைப்பது குறைவு. அதே கிலோவுக்கு 0.6 மி.கி., இரண்டு மணி நேரம் கழித்து, முதல் முறை 5 நிமிடம். தாங்கினால் ஒவ்வொரு முறைக்கும் 5 நிமிடம் கூட்டி, 30 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எப்போதும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும்: காலையில் பழகி அரை மணிக்கு வந்துவிட்டவர் ஒரு நாள் நேரம் தவறி உச்சி வெயிலில் அதே அரை மணி நின்றால் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கிக்கொள்வார். விளக்கின் ஜூலும் வெயிலின் ஜூலும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சொராலென் மிகுதியாகக் கிளர்வது 330 நானோமீட்டருக்கு அருகே. வெயிலில் அந்தப் பகுதி உண்டு, பூவா ட்யூபோ 350க்கும் 365க்கும் இடையில்தான் பெரும்பாலும் உமிழ்கிறது. குளிர்ந்த காற்றடிக்கும் நாளில் சூடு தெரியாது என்பதற்காக நேரத்தைக் கூட்டவும் கூடாது. வேலை செய்வது சூடு அல்ல.

தடவும் மருந்தில்தான் மோசமான காயங்கள் அதிகம். மாத்திரையைவிட அது பாதுகாப்பானது என்று தோன்றும். கண்ணுக்கும் வயிற்றுக்கும் அது உண்மை, தோலுக்கு அல்ல. 1 விழுக்காடு லோஷனை அப்படியே தடவி வெயிலில் நின்றால் சில நிமிடங்களே கொப்புளத்துக்குப் போதும். வெண்புள்ளிக்குப் போதுமான அடர்த்தி 0.001 முதல் 0.01 விழுக்காடு, அதாவது 1 விழுக்காடு லோஷனை நூறு மடங்காவது நீர்க்க வைக்க வேண்டும். மருந்து கலக்கத் தெரிந்தவரிடம்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும்; வீட்டுத் தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம். தடவி 20 முதல் 30 நிமிடம் கழித்து 0.12 முதல் 0.25 ஜூல் ஒளி, உடனே சோப்புப் போட்டுக் கழுவல், மேலே சன்ஸ்கிரீன். பஞ்சுக் குச்சியால் புள்ளியின் ஓரத்துக்குச் சற்று உள்ளேயே நிறுத்தித் தடவ வேண்டும். வழிந்தால் சுற்றியுள்ள நல்ல தோல் கறுத்து, வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரியும். நோய் பரவுகிறது என்று பயந்து வருவார்கள். பல இடங்களில் பரவியிருந்தால் குளியல் முறை நல்லது: 50 மி.கி. மருந்தை ஒரு கோப்பை வெந்நீரில் முழுதாகக் கரைத்து 100 லிட்டர் இளஞ்சூட்டு நீரில் கலந்து, 15 முதல் 20 நிமிடம் அமிழ்ந்து, துடைத்தவுடனே ஒளி. தாமதிக்கக் கூடாது, அந்த மருந்து சீக்கிரம் கலைந்துவிடும். சரியாகக் கரையாமல் துகளாக ஒட்டிய இடம் பொட்டுப் பொட்டாக வேகும்.

கார்போகரிசி பற்றியும் ஒரு வார்த்தை. சொராலென் என்ற பெயரே அந்தச் செடியின் தாவரப் பெயரான சொராலியாவிலிருந்து வந்தது. அதன் எண்ணெயில் இருப்பதும் இதே வகை மருந்துதான். எவ்வளவு இருக்கிறது என்பதுதான் புட்டிக்குப் புட்டி மாறும். மூலிகை என்பதால் வேகாது என்று நினைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கிறவர், உண்மையில் அளவு எழுதாத பூவா எடுத்துக்கொள்கிறார். உள்ளுக்குச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு.

லூபஸ், போர்ஃபைரியா, மெலனோமா வந்தவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டுகிறவர்கள், கண்வில்லை அகற்றப்பட்டுச் செயற்கை வில்லை பொருத்தாதவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரை கூடாது. சிறு குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸாசின், இரத்த அழுத்தத்துக்கான தயசைடு மாத்திரைகள் தாமாகவே தோலை ஒளிக்கு நோகச் செய்யும். நடுவில் வேறொரு மருத்துவர் ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தாலும் பெட்டிக்குள் போகும்முன் சொல்ல வேண்டும். அசிட்ரெட்டின் என்ற சொரியாசிஸ் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் குறைந்த ஒளியிலேயே சொரியாசிஸ் அடங்கும். ஆனால் நடுவழியில் சேர்த்தால் அன்றிலிருந்து ஒளியைப் பாதியாக்க வேண்டும்.

சொரியாசிசுக்கு 20 முதல் 25 அமர்வில் பெரும்பாலும் தெளிந்துவிடும். வெண்புள்ளிக்கு மூன்று நான்கு மாதம் ஆன பிறகுதான் பலன் உண்டா இல்லையா என்றே சொல்ல முடியும். வாழ்நாள் கணக்கு ஒன்றும் உண்டு: 150 அமர்வைத் தாண்டினால் மறுபரிசீலனை, 200க்கு மேல் வேண்டாம். அமர்வு கூடக் கூட செதிலணுத் தோல் புற்றுநோய் கூடுவதை 1970களில் தொடங்கிய நீண்ட அமெரிக்க ஆய்வு வெளுத்த தோலில் காட்டியிருக்கிறது. கருநிறத் தோலில் அந்த அளவு காணப்படவில்லை. பூவா எடுத்தவருக்குப் பின்னாளில் நோயெதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் கொடுத்தால் அந்த ஆபத்து மேலும் ஏறும். ஆகவே மருத்துவமனை மாறினாலும் எத்தனை அமர்வு, மொத்தம் எத்தனை ஜூல் என்ற அட்டை நோயாளியின் கையில் இருக்க வேண்டும். மாத்திரையே தேவைப்படாத குறும்பட்டை யூவிபி வந்த பிறகு வெண்புள்ளிக்குப் பெரும்பாலும் அதையே முதலில் தேர்கிறார்கள். எங்கள் கருத்தும் அதுதான். தடித்த சொரியாசிஸ், உள்ளங்கை உள்ளங்கால் நோய், தோலில் வரும் டி-அணு லிம்ஃபோமா என்ற புற்றுநோய் போன்றவற்றுக்குப் பூவா இன்னும் தேவைப்படுகிறது, ஏனென்றால் யூவிஏ ஆழமாக இறங்கும்.

அந்தக் குறிப்பை நீங்கள் மறுபடி வெளியிடுவதாக இருந்தால், "தோல் சிவக்கும்வரை" என்ற சொற்களை எடுத்துவிட்டு, "முதல் முறை 5 நிமிடம் மட்டும், மூன்று நாள் கழித்துத் தோலைப் பார்த்த பிறகே அடுத்த முறை" என்று போடுங்கள். ஏற்கெனவே வாசித்தவர்களுக்காக அதே பக்கத்தில் ஒரு திருத்தமும் வர வேண்டும்.

இப்படிக்கு,
தோல் ஒளிச்சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும்